மையமே இல்லாமல் பிரியும் உளுந்து

ஆலங்குடிக்குப் பக்கத்தில் வம்பனில், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தேசிய பயறுவகை ஆராய்ச்சி மையம் இருக்கிறது. வம்பன் என்ற பெயரைத் தாங்கிய உளுந்து, பாசிப்பயறு ரகங்கள் இங்கிருந்துதான் மாநிலம் முழுக்கப் போகின்றன. வெள்ளை ஈ பரப்பும் மஞ்சள் தேமலை இந்த ரகம் தாங்குமா, காய்கள் ஒருசேர முற்றுமா, மானாவாரியில் எவ்வளவு காணும்? உழவருக்கு வேண்டிய கேள்விகள் இவை. அங்கே நடக்கும் ஆராய்ச்சியும் இவற்றைச் சுற்றித்தான். நான் எழுத வந்தது அதே உளுந்துக்குள் நடக்கும் இன்னொரு வேலையைப் பற்றி. அதை எந்த ரகமும் ஒரே மாதிரிதான் செய்கிறது.

உளுந்தை இரவில் ஊறவைத்து ஈரத்துணியில் முடிந்து வைத்தால் ஓரிரு நாளில் வெள்ளை வேர் எட்டிப் பார்க்கும். அந்த வேரின் நுனியில், ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நீளத்துக்குள், செல்கள் ஓயாமல் பிரிந்துகொண்டிருக்கின்றன. ஒவ்வொரு செல்லிலும் 22 குரோமோசோம்கள். பிரிவதற்கு முன் ஒவ்வொன்றும் தன்னைப் படியெடுத்து இரட்டையாகிறது. பிறகு 22 ஒரு பக்கம், 22 எதிர்ப் பக்கம் என்று பங்கு பிரிய வேண்டும். 21-க்கு 23 என்று பிசகினால் அந்த வழியில் வரும் செல்கள் அத்தனையும் கோளாறாகும். பிசகாமல் பங்கு பிரிப்பது ஒரு கதிர்கோல்: இரண்டு முனைகளில் குவிந்து நடுவில் பருத்த, நூலிழைகளால் ஆன ஓர் அமைப்பு.

இந்த முனைகள் எங்கிருந்து வருகின்றன? விலங்கு செல்லைப் பற்றிக் கேட்டால் பிளஸ் ஒன் மாணவர் உடனே பதில் சொல்வார்: சென்ட்ரோசோம். இரண்டு குட்டை உருளைகளான சென்ட்ரியோல்களும் அவற்றைச் சூழ்ந்த புரதக் குழம்பும் சேர்ந்தது அது. பிரிவுக்கு முன் இரண்டாகி, ஆளுக்கொரு துருவமாக விலகி நின்று, இழைகளை வீசுகிறது. ஆனால் உளுந்துச் செல்லில் சென்ட்ரோசோம் கிடையாது. நெல்லில் கிடையாது, கடலையில், பலாவில், தென்னையில் கிடையாது. ஆலங்குடி வட்டாரத்து வயல்களிலும் தோப்புகளிலும் விளையும் எதிலுமே கிடையாது. ஆனாலும் கதிர்கோல் உருவாகிறது, குரோமோசோம்கள் சரியாகப் பிரிகின்றன.

நம் பாடநூல்களில் இது ஓர் அட்டவணையின் ஒற்றை வரி: விலங்கு செல்லில் சென்ட்ரியோல் உண்டு, தாவர செல்லில் இல்லை. இரண்டு மதிப்பெண் வினாவுக்கு அது போதும். அந்த வரியைப் படித்தவுடன் 'அப்படியானால் எப்படி?' என்று கேட்கத் தூண்டாமல் விட்டுவிடுகிறோமே என்பது என் நெடுநாள் மனக்குறை. கடந்த நாற்பது ஆண்டுகளில் செல் உயிரியல் கற்றுக்கொண்ட மிகப் பெரிய பாடங்களில் ஒன்று அந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது.

சென்ட்ரோசோம் என்று பெயர் சூட்டியவர் ஜெர்மானியரான தியோடர் பொவேரி, ஆண்டு 1888. உருளைப் புழுவின் முட்டை பிரிவதை நுண்ணோக்கியில் பார்த்துப் பார்த்து, செல் பிரிவை நடத்தும் உறுப்பு இதுவே என்று அவர் முடிவுசெய்தார். அவர் கண்ட காட்சி அப்படி: இரண்டு புள்ளிகள், அவற்றிலிருந்து சூரியக் கதிர்போல் விரியும் கோடுகள். யார் பார்த்தாலும் நடுப்புள்ளிதான் கதிர்களை உண்டாக்குகிறது என்றே நினைப்பார்கள். அந்தப் படம் நூறாண்டுக்கு நிலைத்தது.

கோடுகள் எதனால் ஆனவை என்று தெரிய நெடுங்காலம் ஆயிற்று. 1950-களின் தொடக்கத்தில், ஜப்பானிலிருந்து வந்து அமெரிக்காவில் ஆய்வு செய்த ஷின்யா இனோவே, தாமே திருத்தியமைத்த முனைவுற்ற ஒளி நுண்ணோக்கியில், உயிரோடிருக்கும் செல்லில் கதிர்கோல் இழைகளைக் காட்டினார். அதுவரை, சாயமேற்றும்போது தோன்றும் பொய்த்தோற்றமே அவை என்று சந்தேகித்தவர்கள் உண்டு. 1963-இல் ஹார்வர்டில் மைரன் லெட்பெட்டரும் கீத் போர்ட்டரும் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் அந்த இழைகளை உள்கூடான குழல்களாகக் கண்டு நுண்குழல் என்று எழுதினார்கள். அவர்கள் பார்த்தது ஒரு புல்லின் வேர்நுனியையும் ஒரு ஜூனிபர் செடியின் வேர்நுனியையும். உளுந்து முளையின் அதே இடம்!

அடுத்த படி நம் ஊர் வேலிக்கு வருகிறது. ஐப்பசி, கார்த்திகையில் வேலிகளிலும் புதர்களிலும் சிவப்பும் மஞ்சளுமாக எரியும் செங்காந்தள் தமிழ்நாட்டின் மாநில மலர். ஈழத்தில் அது கார்த்திகைப் பூ. சந்தையில் கண்வலிக் கிழங்கு. மூலனூர், ஒட்டன்சத்திரம், வேதாரண்யம் பக்கங்களில் அதைப் பயிராகவே வளர்க்கிறார்கள். காலை வேளையில் பூவுக்குப் பூ கையால் மகரந்தம் தொட்டு வைத்து விதை பிடிக்கச் செய்கிறார்கள். அந்த விதையிலிருந்து எடுப்பது கோல்ச்சிசின். மூட்டுவீக்கமான கௌட்டுக்கு மருந்து, அளவு மீறினால் கொடிய நஞ்சு. கிழங்கைத் தவறி உண்டவருக்கு முதலில் வாந்தியும் பேதியும். அடுத்த நாட்களில் இரத்த அணுக்கள் சரிகின்றன. பிழைத்துவிட்டால் இரண்டாம் வாரத்தில் தலைமுடி கொட்டுகிறது. குடலின் உள்தோல், எலும்பு மஜ்ஜை, மயிர்க்கால் என்று இந்த வரிசையில் வருபவை எல்லாம் உடலில் மிக வேகமாகச் செல் பிரியும் இடங்கள். நஞ்சு எங்கே தாக்குகிறது என்பதற்கு அந்த உடலே சாட்சி.

கோல்ச்சிசின் பட்டால் கதிர்கோல் கரைந்துபோவதை இனோவே ஏற்கெனவே பார்த்திருந்தார். 1967-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் கேரி போரிசியும் எட்வின் டெய்லரும் அந்த நஞ்சையே தூண்டிலாக்கினார்கள். கதிரியக்க ஹைட்ரஜன் ஏற்றிய கோல்ச்சிசினைச் செல்களுக்குள் விட்டு, அது போய் ஒட்டிக்கொள்ளும் புரதம் எது என்று தேடினார்கள். பிரியும் செல்களில் அது நிறைய இருந்தது. மூளையிலும் நிறைய இருந்தது. அந்தப் புரதம்தான் டியூபுலின். ஆல்ஃபா, பீட்டா என்ற இரண்டு துண்டுகள் சேர்ந்த ஒரு செங்கல். நீளம் 8 நானோமீட்டர். செங்கற்கள் தலையும் வாலுமாக வரிசை கட்டி, அப்படிப் பெரும்பாலும் 13 வரிசைகள் வட்டமாக ஒட்டினால் 25 நானோமீட்டர் தடிமனுள்ள ஒரு நுண்குழல். எல்லாச் செங்கலும் ஒரே பக்கம் பார்ப்பதால் குழலுக்கு இரண்டு நுனிகளும் ஒன்றாக இருக்காது. வேகமாக வளரும் நுனி கூட்டல் நுனி. மற்றது கழித்தல் நுனி.

குழல்கள் சும்மா நிற்பவையும் அல்ல. வளர்ந்துகொண்டே இருக்கும் குழல் திடீரென்று பொலபொலவென்று உதிரும். பக்கத்துக் குழல் அப்போதும் வளர்ந்துகொண்டிருக்கும். இந்த நிலையின்மையை 1984-இல் டிம் மிச்சிசனும் மார்க் கிர்ஷ்னரும் காட்டினார்கள். வளர்ந்தும் உதிர்ந்தும் வெளியைத் துழாவும் குழல்களில் குரோமோசோமைத் தொட்டது நிலைக்கிறது, தொடாதது போகிறது. தேடலுக்கு இது நல்ல உத்தி. ஆனால் கண்டபடி முளைத்து மடியும் குழல்களை ஒழுங்கான கதிர்கோலாக வரிசைப்படுத்துவது யார்?

நடப்பவர்கள். மோட்டார் புரதங்கள்.

டைனின் முதலில் தெரியவந்தது. ஒரு செல் உயிரியான டெட்ராஹைமினாவின் மயிர்போன்ற குற்றிழைகளிலிருந்து இயன் கிப்பன்ஸ் அதைப் பிரித்தெடுத்தார்; 1965-இல் பெயரிட்டார். கணவாயின் தடித்த நரம்பிழையைப் பிழிந்து 1985-இல் ரொனால்ட் வேல், தாமஸ் ரீஸ், மைக்கேல் ஷீட்ஸ் கண்டது கைனசின். இரண்டுமே செல்லின் எரிபொருளான ஏடிபியை எரித்து நுண்குழல்மீது அடி வைத்து நடக்கின்றன. கைனசின் இனத்தில் பெரும்பாலானவை கூட்டல் நுனி நோக்கிப் போகும். டைனின் கழித்தல் நுனி நோக்கிப் போகும். சாதாரணக் கைனசினின் ஓர் அடி 8 நானோமீட்டர், சரியாக ஒரு டியூபுலின் செங்கலின் நீளம். 1993-இல் ஸ்டீவன் பிளாக் குழுவினர் லேசர் இடுக்கியால் அதை அளந்தார்கள். ஓர் அடிக்கு ஓர் ஏடிபி. நொடிக்கு நூறு அடி போல.

டைனினின் குணத்தை அளந்தவர்களில் இந்தியரான ரூப் மாலிக் முக்கியமானவர். தனி டைனின் பலவீனமானது. ஒற்றைக் கைனசின் இழுக்கும் விசையில் அது ஒரு சிறு பங்குதான் இழுக்கும். ஆனால் சுமை கூடினால் அது தன் அடியைச் சுருக்கிக்கொள்கிறது என்பதை 2004-இல் ஸ்டீவன் கிராஸுடன் சேர்ந்து அவர் காட்டினார். சுமையற்றபோது 24, 32 நானோமீட்டர் தாவும் அது, சுமை ஏறினால் 8-க்கு இறங்குகிறது. இதனால் கூட்டமாக இழுக்கும்போது முன்னால் போவது தயங்க, பின்தங்கியவை வந்து சேர்ந்துகொள்ளும். பிறகு மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் அவர் குழு, செல்லுக்குள் டைனின்கள் அப்படித்தான் அணிசேர்ந்து பெரும் விசை தருகின்றன என்று 2013-இல் நிறுவியது. 2018-இல் இன்ஃபோசிஸ் பரிசு அவரைத் தேடி வந்தது. கூட்டமாக இழுப்பதில் தேர்ந்த இந்த மோட்டார்தான் விலங்குக் கதிர்கோலின் துருவத்தைக் கட்டுகிறது.

எப்படிக் கட்டுகிறது என்பதை மனத்தில் பார்க்கத் தென்னங்கயிறு போதும். இரண்டு கயிறுகளைத் தரையில் நீட்டிப் போடுங்கள். இரண்டிலும் ஒரு நுனியில் மட்டும் முடிச்சு. அது கழித்தல் நுனி. ஒருவர் இடக்கையில் ஒரு கயிற்றையும் வலக்கையில் மற்றதையும் பற்றிக்கொண்டு, இரண்டு கைகளையும் முடிச்சை நோக்கியே நகர்த்தி நகர்த்திப் போனால், கடைசியில் இரண்டு முடிச்சும் அவர் கையடியில் ஒன்றாக வந்து சேரும். கயிறுகள் நூறாகவும் ஆட்கள் நூறாகவும் ஆனால் முடிச்சுகள் எல்லாம் ஓரிடத்தில் குவிந்து கயிறுகள் வெளியே விரிந்து கிடக்கும். யாரும் அந்த இடத்தை முன்கூட்டிக் குறிக்கவில்லை. இனி முடிச்சுகள் எதிரெதிர்ப் பக்கம் இருக்கும்படி இரண்டு கயிறுகளை ஒட்டிப் போடுங்கள். இப்போது வந்தவர் முடிச்சில்லாத நுனிகளை நோக்கி இரண்டு கைகளையும் நடத்துகிறார். கயிறுகள் ஒன்றை ஒன்று உரசி வழுக்கும். முடிச்சுகள் இரு பக்கமும் விலகிப் போகும். குவிப்பவர் டைனின். விலக்குபவர் கைனசின்-5, இரு முனையிலும் இரண்டிரண்டு தலைகள் உள்ள நான்கு தலை மோட்டார். குவிப்பும் விலக்கும் ஒருசேர நடந்தால் கிடைப்பது இரண்டு துருவங்களும் நடுவில் பருத்த வயிறும்: கதிர்கோல்.

இது வெறும் கற்பனையாக நின்றுவிடவில்லை. 1996-இல் ஹைடல்பெர்க்கில் ரெபெக்கா ஹீல்டும் எரிக் கார்செண்டியும் டோனி ஹைமனும் காந்த மணிகள்மீது டிஎன்ஏ பூசி, தவளை முட்டைச் சாற்றில் போட்டார்கள். அதில் சென்ட்ரோசோம் இல்லை; உண்மையான குரோமோசோமும் இல்லை. மணிகளைச் சுற்றிக் குழல்கள் முளைத்தன. டைனின் அவற்றின் நுனிகளை இரு பக்கமும் குவித்தது. இருமுனைக் கதிர்கோல் எழுந்தது. அடுத்த ஆண்டு ஃபிரான்சுவா நெடெலெக், தாமஸ் சரே, ஸ்டானிஸ்லாஸ் லைப்லர் ஆகியோர் செல்லின் வேறு பொருள் எதையும் சேர்க்காமல், சுத்தமான டியூபுலினையும் கைகோத்த கைனசின்களையும் மட்டும் கலந்து சூடேற்றினார்கள். கண்ணாடித் தகட்டுக்கிடையில் நட்சத்திரங்களும் சுழல்களும் தாமே உருவாயின. பொவேரியை வியக்கவைத்த அதே நட்சத்திரம். ஆனால் நடுவில் எதுவும் இல்லை. கைனசின் போய்ச் சேரும் நுனியே நடுவாகியிருந்தது.

பொவேரியின் படத்தை இது தலைகீழாக்குகிறது. அவர் பார்த்த மையம் கதிர்களை உண்டாக்கியது உண்மைதான். ஆனால் கதிர்கள்மீது நடப்பவர்களும் மையத்தை உண்டாக்குகிறார்கள். விலங்கு செல்லின் சென்ட்ரோசோமே இதற்கு உதாரணம். அதன் புரதக் குழம்பில் சேரும் பெரிசென்ட்ரின் போன்றவற்றை டைனின்தான் நுண்குழல் வழியே சுமந்து வந்து குவிக்கிறது. சென்ட்ரோசோமை உட்கருவின் மேல் நிறுத்திவைப்பதில் டைனினுக்குப் பங்கு உண்டு. இரண்டானதும் தள்ளி விலக்குவதில் கைனசின்-5-க்குப் பங்கு உண்டு.

அப்படியானால் சென்ட்ரோசோமை எடுத்துவிட்டால்? 2000-இல் அலெக்ஸி கோஜகோவும் கான்லி ரீடரும் ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கின் செல்லில் அதை லேசரால் சுட்டுப் பொசுக்கினார்கள். கதிர்கோல் இரண்டு துருவத்தோடு எழுந்தது. 2006-இல் கேம்பிரிட்ஜில் ரெனாட்டா பாஸ்டோவும் ஜோர்டன் ராஃபும், சென்ட்ரியோல் உருவாக்க முடியாத பழ ஈக்களை வளர்த்தார்கள். முட்டையில் தாய் வைத்த இருப்பு தீர்ந்த பிறகும் அவை வளர்ந்து, கூட்டுப்புழுவாகி, ஈயாகவே வெளிவந்தன. ஆனால் உணர்வு நரம்புகளுக்கு வேண்டிய குற்றிழை இல்லாததால் உடல் ஒருங்கிசையாமல் விரைவில் இறந்தன. சுண்டெலி கருவுக்கு இந்தச் சலுகையும் இல்லை. சென்ட்ரியோல் இல்லாவிட்டால் கருப்பையிலேயே நின்றுவிடுகிறது. விலங்குக்குச் சென்ட்ரோசோம் வேகமும் துல்லியமும் தருகிறது. அதைவிட, குற்றிழைக்கும் நீந்த உதவும் கசையிழைக்கும் அடிக்கட்டையாக நிற்கிறது. என் எண்ணத்தில் அதன் பழைய, தவிர்க்கமுடியாத வேலை இதுவே.

தாவரங்களின் வரலாறும் அதைத்தான் சொல்கிறது. பெரணியின் ஆண்செல் இன்றும் ஈரத்தில் நீந்தித்தான் பெண்செல்லை அடைகிறது. அந்தச் செல்லில் மட்டும் சென்ட்ரியோல் புதிதாகத் தோன்றுகிறது. பூங்காக்களில் அழகுக்கு வைக்கும் சைகஸின் ஆண்செல்லுக்கு ஆயிரக்கணக்கான கசையிழைகள் உண்டு என்று 1896-இல் ஜப்பானியரான இக்கேனோ கண்டார். பூக்கும் தாவரங்கள் நீச்சலையே விட்டுவிட்டன. உளுந்தின் ஆண்செல்லை மகரந்தக் குழாய் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. கசையிழை வேண்டாம் என்றானபோது சென்ட்ரியோல் போயிற்று. கூடவே டைனினும் போயிற்று. ஆம், பூக்கும் தாவரங்களில் டைனினே இல்லை.

துருவம் குவிக்கும் அந்த வேலையை அங்கே ஏற்றுக்கொண்டிருப்பது கைனசின்-14. இது கைனசின் இனத்திலேயே வழிமாறி, கழித்தல் நுனி நோக்கி நடக்கும் குடும்பம். கடுகு இனத்து அராபிடாப்சிஸ் செடியில் மொத்தம் 61 கைனசின்கள். அவற்றில் 21 இந்தக் குடும்பம். மனிதனிடம் எல்லாக் கைனசினும் சேர்ந்தே 45தான். ஒரு சிறு களைச்செடி நம்மைவிட அதிக வகை நடையாட்களை வைத்திருக்கிறது! அந்தக் குடும்பத்தின் ஏடிகே-1 பழுதானால் மகரந்தத் தாய்ச்செல்லில் கதிர்கோல் ஒழுங்காக அமைவதில்லை, மகரந்தம் கெடுகிறது. குழல்கள் முளைக்கவும் தாவரத்துக்கு ஒற்றை மையம் தேவைப்படவில்லை. உட்கருவின் மேற்பரப்பெங்கும், ஏற்கெனவே உள்ள குழல்களின் விலாவிலும், காமா டியூபுலின் வளையங்கள் அமர்ந்து புதுக் குழல்களைக் கிளைக்க வைக்கின்றன. பங்கு பிரிந்த பிறகு இரண்டு மகள் செல்களுக்கும் நடுவே புதுச் சுவர் எழ வேண்டும். அதற்கான குழல் தொகுதியை ஒழுங்கு குலையாமல் நிறுத்துவதும் கைனசின்களே. சுவர் நடுவிலிருந்து ஓரத்துக்கு வளர்ந்து முடிகிறது.

கோல்ச்சிசினைப் பயிர் ஆராய்ச்சியாளர்கள் நெடுங்காலமாகக் கைக்கருவியாக வைத்திருக்கிறார்கள். வேர்நுனியை அதில் ஊறவைத்தால் நுண்குழல் தடமே கரைந்து மோட்டார்கள் வேலையற்றுப் போகும், குரோமோசோம்கள் நடுவழியில் சிதறி நிற்கும், எண்ணுவதற்கு வசதி. தாவர டியூபுலின் இந்த நஞ்சை விலங்கு டியூபுலின் அளவுக்குப் பற்றுவதில்லை என்பதால் அளவு கூடுதலாகத் தேவைப்படும். பங்கு பிரியாமல் ஒரே செல்லில் தங்கிய இரட்டைக் குரோமோசோம் கூட்டத்தோடு செடி வளர்ந்தால் அது இருமடங்கு ரகம். அதைச் சாதாரண ரகத்தோடு இனக்கலப்புச் செய்து விதையில்லாத் தர்பூசணியை உருவாக்கியவர் ஜப்பானிய மரபியலாளர் கிஹாரா.

மருத்துவம் இதே இடத்தைப் பல வாசல்களில் தட்டுகிறது. நித்தியகல்யாணியிலிருந்து வரும் வின்கிரிஸ்டின், வின்பிளாஸ்டின் இரண்டும் டியூபுலினையே தாக்கிப் புற்றுச்செல்லின் பிரிவை நிறுத்துபவை. அவற்றைப் பெற்ற நோயாளிகளுக்குக் கைகால் மரத்துப்போகும். முதுகுத்தண்டிலிருந்து பாதம் வரை ஒரே நீட்டாக ஓடும் நரம்பிழைக்குள் சரக்கு போவதும் இதே தடத்தில்தான் என்பதே காரணம். தடத்தை விட்டுவிட்டு நடப்பவரை மட்டும் மறித்தால் என்ன? 1999-இல் ஹார்வர்டில் மிச்சிசனின் ஆய்வகத்தோடு தாமஸ் மேயர் 16,000-க்கும் மேற்பட்ட சேர்மங்களைச் சலித்து மோனாஸ்ட்ரால் என்ற ஒன்றைக் கண்டார். அது கைனசின்-5-ஐ மட்டும் மறிக்கிறது. விலக்குபவர் போனதும் இரண்டு துருவமும் ஒன்றாகச் சரிந்து, குரோமோசோம்கள் ஒற்றை நட்சத்திரத்தைச் சுற்றி மாலைபோல் நின்றுவிடுகின்றன. அந்த வழியில் பிறந்த மருந்துகள் நோயாளிகளிடம் எதிர்பார்த்த பலன் தரவில்லை என்பது வருத்தமே. ஆனால் இன்னொரு குறி கிடைத்திருக்கிறது. பல புற்றுச்செல்களில் சென்ட்ரோசோம்கள் இரண்டுக்கு மேல் இருக்கின்றன. அவை அத்தனையும் தனித்தனித் துருவமானால் செல் சின்னாபின்னமாகும். அவற்றை இரண்டு கூட்டமாகச் சேர்த்துச் செல்லைக் காப்பது, உளுந்தில் நாம் பார்த்த அதே கைனசின்-14 குடும்பத்தைச் சேர்ந்த கேஐஎஃப்சி-1.

இந்தப் பெயரை இன்னொரு இடத்திலும் கேட்கிறோம். பெண்ணின் சினைமுட்டையில், செடியைப்போலவே, சென்ட்ரோசோம் இல்லை. சென்ட்ரியோல் விந்தணுவோடு வருகிறது. அதனால் சினைமுட்டை தன் குரோமோசோம்களைக் குறைக்கும் பிரிவை மையமில்லாமலேயே நடத்த வேண்டும். மெலினா ஷூவின் குழு 2015-இல் பார்த்தபோது மனித முட்டையில் அந்தக் கதிர்கோல் உருவாக ஏறத்தாழ 16 மணி நேரம் பிடித்தது. அதுவும் உருவாகும் வழியில் துருவங்கள் பிளந்தும் சேர்ந்தும் தடுமாறின. குரோமோசோம் எண்ணிக்கை பிசகிய கருக்களும், அவற்றால் நேரும் கருச்சிதைவுகளும், டவுன் சிண்ட்ரோமும் பெரும்பாலும் இந்தப் பிரிவில்தான் தொடங்குகின்றன. 2022-இல் அதே குழு காரணத்தை நெருங்கியது. சுண்டெலி, பசு, பன்றி முட்டைகளில் உள்ள கேஐஎஃப்சி-1 மனித முட்டையில் போதுமான அளவு இல்லை. சுண்டெலி முட்டையிலும் பசு முட்டையிலும் அதை நீக்கிப் பார்த்தார்கள். அவையும் மனித முட்டைபோலத் தடுமாறின. மனித முட்டைக்குள் அந்த மோட்டாரை வெளியிலிருந்து செலுத்திப் பார்த்தார்கள். தடுமாற்றம் குறைந்து துருவங்கள் நிலைத்தன. கருத்தரிப்பு மையங்களில் காத்திருக்கும் பெண்களுக்கு இது எப்போது மருத்துவமாக வரும் என்பது இனி நடக்க வேண்டிய வேலை.